கம்ப்யூட்டரைத் தொட விட்டார்களா? உங்கள் சின்ன வயசு அனுபவத்தைச் சொல்லுங்கள்

கணினி ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை முதல் தடவை லேபுக்குக் கூட்டிப்போகும்போது ஒன்றைக் கவனிப்பேன். உட்கார்ந்த சற்று நேரத்திலேயே இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கூட்டம் கையை மடியில் வைத்துக்கொண்டு, "சார், இதை அமுக்கலாமா?" என்று கேட்கும். இன்னொரு கூட்டம் நான் வாயைத் திறப்பதற்குள் எதையோ அமுக்கி, திரையைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிற பிள்ளைகள்தான் இரண்டாவது கூட்டம் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. போன வருஷம் லேபிலேயே துணிச்சலான பிள்ளை, மோட்டார் வைண்டிங் கடைக்காரர் மகள். அப்பா மோட்டாரைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றிய வரிசைப்படி ஸ்குரூக்களைப் பேப்பரில் அடுக்கி வைப்பது அவள் வேலையாம். "கழட்டினா மாட்டிடலாம் சார்" என்றாள், சர்வசாதாரணமாக. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்த பையனோ மவுஸைத் தொடவே தயங்கினான். விசாரித்தால், அது சித்தப்பாவின் கம்ப்யூட்டர். துணி போட்டு மூடியிருக்கும், யாரும் கிட்டப் போகக்கூடாது.

2011இல் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் இதைப் பார்த்தேன். ஒரே மாடல்தான், விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளமும் போட்டுத்தான் கொடுத்தார்கள். சில வீடுகளில் ஒரே மாதத்தில் கீபோர்டில் எழுத்து அழிகிற அளவுக்குப் புழங்கினார்கள். சில வீடுகளில் பையோடு பீரோவுக்குள் போய், பேட்டரி ஊதித்தான் வெளியே வந்தது. அதற்கு முந்தைய செட் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். எம்.எஸ். ஆபீஸ் மாதிரியான ஸ்டார் ஆபீஸில் கோப்பைச் சேமிக்கும் படிகளை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் பண்ணி எழுதினார்கள். அதில் பல பேர் மவுஸைப் பிடித்தது செய்முறைத் தேர்வன்றுதான்.

இப்போது வருகிற பிள்ளைகள் வேறு மாதிரி. 2016இல் டேட்டா மலிவானபோது தொடக்கப் பள்ளியில் இருந்தவர்கள். ரீல்ஸ் வெட்டி ஒட்டிப் பாட்டு சேர்ப்பதில் என்னை விற்றுவிடுவார்கள். ஆனால் டவுன்லோடு பண்ணிய ஃபைல் எங்கே போனது என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. ஒருவன் லீவ் லெட்டரை வாட்ஸ்ஆப்பில் தனக்குத்தானே அனுப்பி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தான். மேலே பேட்டரி 14 சதவீதம் என்று சிவப்பில் தெரிகிறது, கீழே "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள மாணவன்". லீவு கொடுத்துவிட்டேன்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: சாதனம் இருந்ததா என்பதைவிட, தொடுவதற்கு யாருக்கு உரிமை இருந்தது என்பதுதான் ஆளை உருவாக்குகிறது. உங்கள் வீட்டில் எப்படி?

பழைய பிரவுசிங் சென்டர்காரர், கும்பகோணம்

சார், உரிமை என்று சொன்னீர்கள் பாருங்கள், அதை நான் கல்லாவில் உட்கார்ந்தே பார்த்தவன். பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். பிளைவுட் தடுப்பு, சுழல் நாற்காலி, யாஹூ மெசஞ்சர், அப்புறம் ஆர்க்குட். பையன்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஒரு சிஸ்டத்துக்கு நான்கு பேர், மூன்று பேர் வெறுமனே வேடிக்கை. அந்த வேடிக்கையிலேயே அவர்களும் கற்றுக்கொண்டார்கள், காசு ஒருத்தனுடையது.

பெண் பிள்ளைகள் தனியாக வந்து நான் பார்த்தது மிகக் குறைவு. ப்ளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு வருவார்கள், கூடவே அப்பாவோ அண்ணனோ. நாற்காலியில் அண்ணன்தான் உட்காருவான். ரிஜிஸ்டர் நம்பரைத் தங்கை சொல்ல, அண்ணன் அடிப்பான். ஈமெயில் ஐடி ஆரம்பிக்க வேண்டுமென்றால் பாஸ்வேர்டையும் அவனே போடுவான். "உனக்கு எதுக்கு, நான் பார்த்துக்கிறேன்."

சென்டர் படுத்துவிட்டது. அதே இடத்தில் இப்போது ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கிறேன். 2018இல் இன்ஜினியரிங் கலந்தாய்வு ஆன்லைனுக்கு வந்ததிலிருந்து, விருப்பக் கல்லூரிப் பட்டியல் போட வருகிறவர்களால் கடை நிரம்பிவிடும். அன்றைக்கு ரிஜிஸ்டர் நம்பர் சொன்ன பெண்கள் சிலர் இன்றைக்குத் தங்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். ஃபோன் கையில் இருக்கிறது, நன்றாகப் பேசுகிறார்கள், வீடியோ பார்க்கிறார்கள். "பாஸ்வேர்டு போடுங்கம்மா" என்றால் மட்டும் ஃபோனை என்னிடமே நீட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்". தெரியாமல் இல்லை. பாஸ்வேர்டு என்பது வீட்டு ஆம்பளை வைத்திருக்கும் பொருள் என்று சின்ன வயதிலேயே பதிந்துபோனது.

டைப்ரைட்டிங் படித்தவள், சேலம்

கும்பகோணம் அண்ணன் சொன்னது உண்மை. ஆனால் எங்களை மாதிரிப் பெண்களைக் கூச்சமில்லாமல் அனுப்பிய இடம் ஒன்று இருந்தது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். பத்தாவது லீவில் காலை ஆறு மணி பேட்ச். இருபது மெஷினும் ஒன்றாக ஓடும்போது தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுவது போல இருக்கும். ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே. விரலைப் பார்த்து அடித்தால் ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு. ரிப்பன் மாட்டும்போது விரலில் ஒட்டும் கறுப்பு மை சாயங்காலம் வரை போகாது.

இங்கிலீஷ் லோயரும் ஹையரும் முடித்தேன், நிமிஷத்துக்கு 30 வார்த்தை, அப்புறம் 45. தமிழும் அடித்தேன். ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் ஒற்றை விரலால் தேடிக்கொண்டிருக்க, நான் பார்க்காமல் அடித்தேன். அது வரை பெருமைதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பரீட்சையில் தப்பாக அடித்தால் அடித்ததுதான், ஒவ்வொரு தப்புக்கும் மதிப்பெண் போகும். அந்தப் பயம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கும் ஒரு மெயிலை நாலு தடவை படிக்காமல் அனுப்ப மாட்டேன். என்கூட வேலை பார்க்கும் இருபத்தைந்து வயசுப் பெண் தப்புத் தப்பாக அடித்துக்கொண்டே போவாள், கண்ட்ரோல் இசட் போட்டுப் பின்னால் வருவாள், மறுபடி போவாள். எக்செல்லில் அவள் கண்டுபிடித்த வழிகள் எதையும் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் வரும். ஒரு வேடிக்கை, மேனேஜர் கடிதங்களை மட்டும் கடைசியாக என்னிடம்தான் கொடுப்பார், அவளிடம் இல்லை.

பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

எல்லாவற்றுக்கும் சின்ன வயசைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் அப்பா ரிட்டையர் ஆன பிறகுதான் ஸ்மார்ட்ஃபோன் தொட்டார். இன்றைக்கு ரயில் டிக்கெட், கரண்ட் பில், வருமான வரி எல்லாம் அவரே. ஆர்வம் இருந்தால் எந்த வயதிலும் வரும். அவர் தபால் ஆபீசில் தந்திப் பிரிவில் இருந்தவர், அவ்வளவுதான்.

கணினி ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

அவ்வளவுதான் என்கிறீர்களே! கட் கடா, கட் கட என்று விரலால் தட்டிச் செய்தி அனுப்பியவருக்கு டச் ஸ்கிரீன் எம்மாத்திரம். 2013இல் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டுவிட்டது, அவர் விரல் நிறுத்தவில்லை. ஆனாலும் ஆர்வம் பற்றி நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இப்போது ரொறன்ரோ

எங்கட கதை கொஞ்சம் வேறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை. நான் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன். கொம்பியூட்டர் என்பது படத்தில் பார்த்த சாமான். பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடை. பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவோம். அதுவும் செத்தால் சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்றுவேன், வயரை அண்ணா ரேடியோவில் பிடிப்பார். சுற்றுவது தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துபோகும், அம்மம்மா "ஓய், சுத்து சுத்து" என்பா.

ஐ.ரி.யில் வேலை செய்கிற என்னிடம், "அந்த டைனமோதான் உங்களை இந்தத் துறைக்குக் கொண்டுவந்ததா?" என்று கேட்பார்கள். கேட்க நல்லாயிருக்கும், ஆனால் இல்லை. கொழும்புக்கு வந்து ரியூசன் வகுப்பில் எல்லாரையும் போலத்தான் படித்தேன். அந்த ரேடியோ வேறொன்றைத் தந்தது. அப்பா ஒரே சம்பவத்தை மூன்று நான்கு இடத்தில் கேட்பார்: இலங்கை வானொலி, பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ், புலிகளின் குரல். இரண்டு தரப்பும் சொல்லும் இழப்புக் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது. "இவன் இப்பிடிச் சொல்லுறான், அவன் அப்பிடிச் சொல்லுறான், இரண்டு பேரும் சொல்லாமல் விட்டது என்ன?" என்று கேட்பார். பீரங்கிச் செல் எந்தப் பக்கம் விழும், நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலாமா என்பதெல்லாம் அந்தப் பதிலில் இருந்தது. விளையாட்டுக்குக் கேட்டதில்லை.

இன்று குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஏதாவது காணொளி வந்தால் என் கை அதை உடனே மற்றக் குழுவுக்கு அனுப்பாது. எந்த ஊர், எப்ப எடுத்தது, வேறு யாராவது சொன்னார்களா என்று தேடும். இங்கே பிறந்த என் மகனுக்குக் கோடிங் தெரியும். அவனுடைய பள்ளியில் இணையத்தகவலைச் சரிபார்க்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள், பயிற்சித்தாளில் நல்ல புள்ளியும் எடுப்பான். பிறகு யூரியூப்பில் யாரோ ஒருவன் அடித்துச் சொன்னால் அப்படியே நம்பிக்கொண்டு வந்து நிற்பான். பிழையான செய்தியை நம்பினால் என்ன நடக்கும் என்று அவனுக்கு ஒருநாளும் நடந்து தெரியாது. தெரியவும் வேண்டாம். அது நடக்காமலே எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

இ-சேவை மையத்தில் இருப்பவள், திருவண்ணாமலை மாவட்டம்

அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சரி, என் பங்கைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த வீடு எங்களுடையதுதான். ஆறாவது படிக்கும்போதே மணியார்டர் ஃபாரம், பேங்க் செலான், முதியோர் பென்ஷன் மனு எல்லாம் என்னிடம் வரும். ஒரு பாட்டி, "கையெழுத்துப் போடுற எடத்தைக் காட்டு, மத்தது உனக்கெதுக்கு" என்று அவசரப்படுத்தும். எங்கள் அம்மா விடாது. "முழுசாப் படிச்சுச் சொல்லிட்டு அப்புறம் கைநாட்டு வாங்கு." அது பழக்கமாகிவிட்டது. இப்போது ஒரு ஆப் காண்டாக்ட்ஸ், கேமரா, எஸ்எம்எஸ் என்று அனுமதி கேட்டால், எதற்கு என்று பார்க்காமல் நான் ஓகே கொடுப்பதில்லை. லோன் ஆப்பில் மாட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் முதலில் தொலைந்தது இந்த ஒரு நிமிஷம்தான்.

ஆனால் எனக்கு இப்போது கவலை, இன்றைக்குச் சின்னப் பிள்ளைகளாக இருப்பவர்களைப் பற்றி. எங்கள் மையத்துக்குத் தாத்தா வருவார், கூடவே நாலாவது படிக்கும் பேரன். ஃபோன் பேரன் கையில். ஆதாருக்கு ஓடிபி வரும், அவன் மையம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆறு நம்பரையும் கத்துவான். வீட்டில் கேஸ் சிலிண்டர் வந்தாலும் கொண்டுவருபவரிடம் அவன்தான் நம்பர் சொல்கிறான். பார்சல் வந்தாலும் அப்படித்தான். தாத்தாவின் யூபிஐ பின் நம்பரும் அவனுக்குத்தான் தெரியும். வீட்டில் அவனை மெச்சிக்கொள்கிறார்கள், "எல்லாம் அவனே பார்த்துக்குவான்" என்று.

யோசித்துப் பாருங்கள், அவன் வளரும்போது கற்றுக்கொள்வது என்ன? ஓடிபி என்பது யாராவது கேட்டால் சத்தமாகச் சொல்ல வேண்டிய நம்பர். நாளைக்கு ஒருத்தன் பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று கேட்டால் ஏன் சொல்லக்கூடாது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "யாரிடமும் பகிராதீர்கள்" என்று மெசேஜிலேயே இருக்கிறது, ஆனால் தினமும் பகிர்ந்தால்தான் வீட்டில் காரியமே நடக்கிறது.

டைப்ரைட்டிங் படித்தவள், சேலம்

திருவண்ணாமலை தங்கச்சி, எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பேத்திக்கு நான் ஒரு வேலை வைத்திருக்கிறேன். நம்பரை மட்டும் படிக்கக் கூடாது, மெசேஜை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எதற்காக வந்தது, எவ்வளவு ரூபாய், யார் அனுப்பியது என்று எனக்குச் சொன்ன பிறகுதான் நம்பர். சிலிண்டர்காரர் நம் வாசலில் நிற்கிறார், பொருள் கையில் இருக்கிறது, அவரிடம் சொல்லலாம். ஃபோனில் பேசுகிறவர் எதைக் கொண்டுவந்திருக்கிறார் என்று அவளையே கேட்கச் சொன்னேன். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை, அந்த நம்பரைப் போட்டால் நம் பணம்தான் போகும் என்பதையும் பத்து ரூபாயை எனக்கும் அவள் அம்மாவுக்கும் மாற்றி மாற்றி அனுப்ப வைத்துக் காட்டினேன்.

இ-சேவை மையத்தில் இருப்பவள், திருவண்ணாமலை மாவட்டம்

அக்கா, இது நல்ல யோசனை. மெசேஜ் இங்கிலீஷில் வருகிறதே, நாலாவது பையன் எப்படிப் படிப்பான்?

டைப்ரைட்டிங் படித்தவள், சேலம்

எழுத்துக் கூட்டித்தான். சிலிண்டர்காரர் கொஞ்சம் நிற்கட்டும், ஒன்றும் ஆகிவிடாது.