புதுப்பிப்பு: சுங்குடிக் கதை எங்கே நிற்கிறது?

போன சித்திரையில் என் அறிமுகத்தை எழுதியிருந்தேன்: மதுரைக்காரி, வயது 43, முதல் நாவல், மூன்று அத்தியாயம் முடிந்தது என்று. இப்போது பதினொன்று. ஆனால் அந்த மூன்றையும் கிழித்துப் போட்டாயிற்று.

காரணம் பக்கத்துத் தெரு பாட்டி. என் நாயகி, மதுரையின் புள்ளிச் சேலையான சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவள். அவள் கையில் நான் ஊசியைக் கொடுத்திருந்தேன். பாட்டி சிரித்துவிட்டார். "ஊசி எதுக்குடி? நகத்தால துணியைக் கிள்ளி நூலைச் சுத்தணும். சாயம் போட்டுக் காஞ்சப்புறம் அவிழ்த்தா புள்ளி தானா வரும்." அன்றிலிருந்து வாரம் இரண்டு மாலை அவர் திண்ணையில்தான் என் வகுப்பு. நாவலாசிரியை ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்கே போய்ப் பார்த்து நாவல் எழுதியவர். எனக்குத் தெருமுனை வரை போகக்கூட சோம்பல்!

"குடும்ப நாவலா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆமாம், பெண்கள் படிக்கிற குடும்ப நாவல்தான். 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்திக்கொண்டே வை.மு. கோதைநாயகி 100 நாவல்களுக்கும் மேல் எழுதவில்லையா? நான் ஒன்றை முடித்தால் போதும்.

அப்புறம், நாயகிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மாமியாருக்கு மட்டும் வைத்துவிட்டேன்.