வீட்டு வயரிங் பரிசோதனை புதிய இணைப்போடு முடிந்துவிடலாமா?

வெள்ளவத்தை வாடகையாளர்:
கொழும்பில் புதிய மின்னிணைப்புக்கு விண்ணப்பிப்பவர், தகுதி பெற்ற ஒருவர் கையொப்பமிட்ட வயரிங் பரிசோதனை அறிக்கையை மின் விநியோக நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். மின்மானி பொருத்தப்பட்ட பிறகு, மானிக்கு உட்புறம் உள்ளவை அனைத்தும் வீட்டுக்காரரின் பொறுப்பு. அதே வீட்டைப் பிரித்து அனெக்ஸ் ஆக்கினாலும், குளியலறைக்கு ஹீட்டரும் அறைகளுக்கு ஏசியும் ஏற்றினாலும், இன்னொருவர் வந்து வயரிங்கைப் பார்ப்பது உரிமையாளரின் விருப்பத்தில்தான் தங்கியிருக்கிறது. அண்மையில் நான் வாடகைக்குப் பார்த்த அனெக்ஸில் ஹீட்டருக்கான 15 ஆம்பியர் உருண்டைக் கால் பிளக் பொயின்ட்டின் மூடி கழன்று தொங்கியது. உள்ளே, கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பச்சை ஏர்த் வயர் எதிலும் பூட்டப்படாமல், டேப் சுற்றி மடித்து விடப்பட்டிருந்தது. வாடகை உடன்படிக்கையோடு மின் பரிசோதனை அறிக்கையும் இணைக்கப்பட வேண்டும் என்று சட்டம் வரவேண்டும்.

கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர்:
உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்தக் கோரிக்கையை ஏற்க மாட்டேன். இன்னொரு சான்றிதழ் என்றால் இன்னொரு கட்டணம், இன்னொரு அலைச்சல், முடிவில் அந்தச் செலவும் வாடகையிலேயே ஏறும். வீட்டுக்கு வராமலே கையொப்பமிட்டுக் கொடுப்பவர்கள் உருவாக மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நான் ஒழுங்காகப் பூட்டிக் கொடுத்த பொயின்ட்டில் குடியிருப்பவர் எக்ஸ்டென்ஷன் கோர்ட் போட்டு, அயர்ன், கேத்தல், ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் ஒன்றாகச் செருகினால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டுமா? மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். ஒரு வீட்டுக்கு அது போதும்.

தெமட்டகொடை மின்பணியாளர்:
ஐயா, போதாது. அந்தப் பொத்தான் சுவிட்சுக்குள் ஒரு சிறு மின்கசிவைச் செயற்கையாக உண்டாக்கி, அதன் பொறிமுறை விழுகிறதா என்று மட்டும் காட்டும். உங்கள் ஏர்த் கம்பி மண்ணோடு தொடர்பில் இருக்கிறதா என்பதை அது தொடவே தொடாது.

இங்கே பெரும்பாலான வீடுகளுக்குத் தனித்தனி ஏர்த் கம்பிதான். அதன் மண்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரின் உலோக உடலில் 230 வோல்ட் பட்டால் ஏர்த் வழியாக ஓடுவது 11.5 ஆம்பியர் மட்டுமே. மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மட்டும் விழும் 16 ஆம்பியர் பிரேக்கர்கூட அதற்கு விழாது. ஹீட்டரின் உடல் மின்னோட்டத்தோடு அப்படியே நிற்கும். ஆகவே இந்த அமைப்பில் உயிரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான். ஆனால் மழைக்காலத்தில் சுவர் ஈரத்தால் அது அடிக்கடி விழுகிறது என்று வீட்டுக்காரர் முறையிட்டதும், பழுதைத் தேடாமல் சுவிட்சைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிட்டுப் போகும் வயரிங் பாஸ்மாரை நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழக்கூடும், வெளிச்சம் மட்டும் அணையாது.

கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர்:
என் வீட்டில் பொத்தானை அழுத்தினால் வீடு முழுவதும் இருளும், எனவே அந்தக் குறை இங்கில்லை. ஏர்த் அறுந்திருந்தாலும் ஒருவர் தொட்ட கணத்தில் ட்ரிப் சுவிட்ச் விழும் அல்லவா?

தெமட்டகொடை மின்பணியாளர்:
விழும், அந்த மின்னோட்டம் அவருடைய உடம்பின் வழியாகப் போன பிறகுதான் விழும். ஏர்த் சரியாக இருந்தால் கசிவு உண்டான உடனேயே, ஒருவரும் தொடுவதற்கு முன்பே விழுந்திருக்கும். ஈரக் கையோடு குளியலறையில் நிற்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் உயிர்.

வராமலே கையொப்பமிடுவார்கள் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. "பரிசோதித்தேன், சரி" என்ற ஒற்றை வரியை அறிக்கையாக ஏற்கக் கூடாது. ஏர்த்தின் தடை எத்தனை ஓம், வயர் உறையின் காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவி காட்டிய மின்காப்புத் தடை எவ்வளவு, ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லி செக்கனில் விழுந்தது என்ற அளவீடுகள் அதில் இருக்க வேண்டும். வேறொருவர் மறுநாள் வந்து அளந்தால் பொய் பிடிபடும்.

கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர்:
அப்படியானால் பொறுப்பை வேலை செய்தவர் மீது வையுங்கள். ஹீட்டர் பூட்டியவரும் புதிய பொயின்ட் இழுத்தவரும் அந்த அளவீடுகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்பணியாளர்களுக்கு உரிமம் வழங்கும் முயற்சியில் இறங்கியதும் இதற்காகத்தானே? குடியிருப்பவர் மாறும் ஒவ்வொரு முறையும் உரிமையாளரைத் துரத்துவது நியாயமில்லை.

வெள்ளவத்தை வாடகையாளர்:
வேலை செய்தவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பழைய வீடுகளின் வயரிங்கை யார் செய்தார் என்று இன்று எவரிடம் போய்க் கேட்பது? அங்கே ஏர்த் வயர் இல்லாத லைட் சர்க்கிட்டுகளும், காலத்தால் ரப்பர் உறை உதிர்ந்த வயர்களும் இன்னும் இருக்கின்றன.

ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் புதிதாகச் சோதிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு 2020 ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது சோதித்தால் போதும். புதிதாக வருபவருக்கு இருக்கும் அறிக்கையின் பிரதியைக் கொடுத்துவிடலாம். ஆபத்தான குறை கண்டால் 28 நாட்களுக்குள், அவசரம் என்றால் அதற்கும் முன்னதாக, அதைத் திருத்த வேண்டும்.

கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர்:
5 ஆண்டுக்கு ஒருமுறை என்றால் பேசலாம். ஆனால் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்க வேண்டும், குடியிருப்பவர் தானாகச் செய்த மாற்றம் அறிக்கையில் தனியாகக் குறிக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் வரும் சட்டத்தை நான் எதிர்ப்பேன்.