வீட்டு சர்வர் வெளியிலிருந்து திறக்காத நான்கு இரவுகள்

சத்துவாச்சாரியிலிருந்து:

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா, அப்பாவின் பழைய புகைப்படங்களை நினைத்தபோது பார்க்கட்டும் என்பதற்காக, வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றில், வலைப்பக்கங்களை வழங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளை நிறுவினேன். வீட்டு வைஃபையில் பக்கம் உடனே வந்தது. ஆனால், ரவுட்டருக்குள் நுழைந்து அந்தக் கணினிக்கு மாறாத உள்முகவரி ஒன்றை ஒதுக்கி, வலைப்பக்க அழைப்புகள் வரும் வாசல்களான 80, 443 ஆகிய இரு போர்ட்டுகளையும் அதற்குத் திருப்பிவிட்ட பிறகும், அக்காவின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. ரவுட்டரை மூன்று முறை ரீசெட் செய்தேன். வேண்டாத அழைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலையே அணைத்தும் பார்த்தேன் (அதைச் செய்திருக்கக் கூடாது).

நான்காம் இரவு, ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் (WAN) முகவரி, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த முகவரி, 100.72 என்று தொடங்குவதைத் தற்செயலாகக் கவனித்தேன். வெளியே தெரியும் என் ஐபி முகவரியைச் சோதித்தால் அது முற்றிலும் வேறு எண். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், ஐபிவி4 என்ற பழைய முறை முகவரிகளின் பற்றாக்குறையைச் சமாளிப்பதற்காக, இணைய நிறுவனங்களின் உட்பயன்பாட்டுக்கென்று 2012-இல் ஒதுக்கப்பட்டவை. சிஜிநாட் எனப்படும் இந்த ஏற்பாட்டில் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகள் இருப்பதால், வெளியிலிருந்து வரும் அழைப்பை யார் வீட்டுக்கு அனுப்புவது என்று நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. அடுக்குமாடியின் கேட் பூட்டிக் கிடக்க, நான் என் வீட்டுக் கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறேன்.

சேவை மையத்தில், "நெட் வருதுங்களா சார்? வருதுன்னா லைன்ல பிரச்சினை இல்ல" என்றார்கள். மாதக் கட்டணத்துக்குத் தனி முகவரி கிடைக்கும் என்பதை மூன்றாவது அழைப்பில்தான் சொன்னார்கள். அது வந்த அன்றே அக்காவுக்குத் திறந்தது, எனக்குத் திறக்கவில்லை! சில ரவுட்டர்கள் வீட்டுக்குள்ளிருந்து தம் சொந்தப் பொது முகவரிக்குப் போகும் அழைப்பைத் திருப்பிவிடுவதில்லை என்பது, மொபைல் டேட்டாவில் பார்த்த பிறகே புரிந்தது.

குடியாத்தத்திலிருந்து:

எங்கள் லுங்கி மாதிரிகளை வியாபாரிகளுக்குக் காட்ட நானும் இதே வேலையில் இறங்கினேன். பணம் கட்ட மனமில்லாமல், ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரும் புதிய முறையான ஐபிவி6 வழியாகப் போனேன். அதில் போர்ட் திருப்பும் வேலை இல்லை. ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்த ஒரு கணினிக்கு மட்டும் அனுமதி தந்தால் போதும். ஆனால் ஐபிவி6 இல்லாத இணைப்பு வைத்திருந்த வியாபாரிகளுக்குப் பக்கம் வரவே இல்லை. இறுதியில், வீட்டுக் கணினியே வெளியிலுள்ள சர்வர் ஒன்றுக்கு இணைப்பை ஏற்படுத்தி வைத்து, வருபவர்களை அதன் வழியே உள்ளே விடும் டனல் முறைக்கு மாறினேன். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை அதுதான். இன்னொன்று: தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சுக்காக 22-ஆம் போர்ட்டைத் திறந்த அன்று மாலைக்குள், 'ரூட்', 'அட்மின்' என்ற பெயர்களில் யார் யாரோ நுழைய முயன்ற வரிகள் கணினியின் பதிவேடான லாக்கில் நிரம்பிவிட்டன. கடவுச்சொல் நுழைவை அன்றே அணைத்து, சாவிக்கோப்பை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மீண்டும் சத்துவாச்சாரியிலிருந்து:

உங்கள் லாக்கைப் படித்துப் பயந்து, 443 மட்டும் போதுமென்று 80-ஐ மூடியிருந்தேன். பக்கம் பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்ட லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பிடம் நான் இலவசமாக வாங்கிய சான்றிதழின் ஆயுள் 90 நாள்; நான் அமைத்திருந்த புதுப்பிப்புச் சோதனை 80 வழியாகத்தான் வரும். "ஏதோ சிவப்பா எச்சரிக்கை காட்டுதுடா" என்று அக்கா நேற்று அழைத்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. 80-ஐ மறுபடி திறந்து புதுப்பித்துவிட்டேன்.