வினாப்படிவத்தில் மதம், இனம், பாலினம், பாலீர்ப்பு: எப்படிக் கேட்பது?

படிவக்காரர்:
300 பேரிடம் ஆய்வு. ஒருவரின் சமூக அடையாளத்தில் இனம், மதம், பாலினம், பாலீர்ப்பு (எந்தப் பாலினத்தார் மீது ஈர்ப்பு என்பது) ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பங்கு என்று பார்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடலாமா? முன்னோட்டத்தில் பலர் மதக் கேள்வியையும் பாலினக் கேள்வியையும் நிரப்பாமலே விட்டுவிட்டார்கள்.

கட்டம்_நிரப்பி:
"உங்கள் மதம் என்ன?" என்றாலே மதம் உண்டு என்று நீங்களே முடிவுகட்டிவிடுகிறீர்கள். நம்பாதவர்கூடப் பிறந்த வீட்டு மதத்தை எழுதிவிடுவார். பிறப்பு, நம்பிக்கை, வழிபாட்டுப் பழக்கம் மூன்றும் வேறு. ஆய்வுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் கேளுங்கள்.

இனத்தில் வேறு சிக்கல். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1960-க்கு முன் கணக்கெடுப்பவரே பார்த்து இனத்தைக் குறித்தார். பிறகுதான் அது மக்கள் கைக்கு வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே இரண்டு கேள்வி வையுங்கள்: உங்களை நீங்கள் எப்படிக் கருதுகிறீர்கள், தெருவில் பார்ப்பவர் உங்களை என்னவென்று நினைப்பார். பாகுபாட்டை ஆராய்கிறீர்கள் என்றால் இரண்டாவதுதான் முக்கியம். வாடகைக்கு வீடு தர மறுப்பவர் உங்கள் சுயவிவரத்தைப் படிப்பதில்லை.

இரண்டடி:
பாலினத்தை இரண்டு படியாகக் கேளுங்கள். முதலில் பிறப்பில் பதிவான பால், அடுத்து இப்போதைய பாலினம். பட்டியலில் ஆண், பெண், திருநங்கை என்று மட்டும் போட்டால் திருநம்பிக்கு (பிறப்பில் பெண் என்று பதிவாகி, தன்னை ஆணாக உணர்பவர்) இடமில்லை. தன்னைப் பெண் என்றே சொல்லும் திருநங்கை எதைக் குறிப்பார்? இங்கிலாந்து, வேல்ஸ் 2021 கணக்கெடுப்பில் பாலின அடையாளக் கேள்வியை ஒரே நீள வாக்கியத்தில் கேட்டார்கள். ஆங்கிலம் சரளமாக வராத சிலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற ஐயம் பின்னால் கிளம்பியது. வாக்கியம் குட்டையாக இருக்கட்டும்.

பாலீர்ப்பில் ஈர்ப்பு, நடத்தை, அடையாளம் மூன்றும் எல்லாருக்கும் ஒத்துப்போகாது. நலவாழ்வு ஆய்வுக்கு நடத்தை வேண்டும், உங்களுக்கு அடையாளம் போதும்.

குறுக்குக்கோடு:
கூட்டல் வேண்டாம். அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்து, 1976-ல் தீர்ப்பான வழக்கை நினைத்துப் பாருங்கள். நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, கறுப்பினத்தவரையும் எடுத்திருந்தது. ஆனால் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை எடுக்கவில்லை. பிறகு ஆட்குறைப்பில் கடைசியாக வந்தவர்கள் முதலில் போனார்கள். இனத்தையும் பாலையும் சேர்த்துப் பார்க்க நீதிமன்றம் மறுத்தது. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் இந்த ஓட்டையைத்தான் சுட்டினார்.

சேர்த்துப் பார்ப்பதற்கும் விலை உண்டு. 4 இனம், 3 மதநிலை, 3 பாலினம் என்றால் 36 கட்டம். 300 பேரைப் பகிர்ந்தால் சராசரி 8 பேர்தான், அதுவும் சமமாக விழாது. இனம், பாலினம் போல இரண்டை மட்டும் சேர்த்துப் பாருங்கள், அல்லது சிறு பிரிவினரைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்து, கணக்கிடும்போது மக்கள்தொகையில் அவர்களின் உண்மைப் பங்குக்கு ஏற்ப எடை போடுங்கள். 10 பேருக்குக் குறைந்த கட்டத்தை வெளியிடாதீர்கள், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படிவக்காரர்:
நன்றி. ஆனாலும் விடாமல் நிரப்ப வைப்பது எப்படி?

இரண்டடி:
கட்டாயமாக்கினால் பொய் வரும். "சொல்ல விரும்பவில்லை" என்று தனிக் கட்டம் வையுங்கள். வெற்றிடத்தோடு சேர்த்து எண்ணாதீர்கள். இந்தக் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள், முதலிலேயே கேட்டால் மீதி விடைகளும் அந்த நினைப்பிலேயே வரும். வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது வாய்விட்டுக் கேட்காமல் தாளையோ கைப்பேசியையோ அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.