அமெரிக்கா வந்த புதுசுல கணக்குல காசு காணாமப் போனா, சோஷியல் நம்பர் திருட்டுப் போனா

ஊர்ல ஆன்லைன்ல எதை வாங்கினாலும் ஓடிபி வரும். அது வராம காசு நகராதுன்னு பழகிட்டோம். இங்க கார்டு நம்பர், தேதி, பின்பக்கம் இருக்கிற மூணு எண், ஜிப் கோடு இருந்தா பல இடத்துல வேலை முடிஞ்சது. வந்த புதுசுல இதைப் பார்த்து எல்லாருக்கும் பகீர்னுதான் இருக்கும். இங்க காசு போனதுக்கு அப்புறம்தான் சட்டம் உங்க பக்கம் வந்து நிக்கும், அதுவும் கெடு வச்சுத்தான் நிக்கும். அந்தக் கெடுவைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கிரெடிட் கார்டுல யாரோ செலவு பண்ணிட்டா சட்டப்படி உங்க தலையில விழக்கூடியது அதிகபட்சம் 50 டாலர். பெரும்பாலும் வங்கி அதைக்கூடக் கேக்காது. டெபிட் கார்டு கதை வேற. கார்டு தொலைஞ்சது தெரிஞ்சு 2 வேலை நாளுக்குள்ள சொன்னா 50 டாலரோட போகும். அதைத் தாண்டினா 500 டாலர் வரைக்கும் உங்க பொறுப்பு. ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளாகியும் வாயைத் திறக்கலைன்னா, அதுக்கு மேல போற காசுக்கு வரம்பே இல்லை. கார்டு கையிலயே இருக்கு, நம்பர் மட்டும்தான் போச்சுன்னா அந்த 60 நாளுக்குள்ள சொன்னாப் போதும், எதுவும் உங்க மேல வராது.

அதனால கேஸ் ஸ்டேஷன் (நம்ம ஊர் பெட்ரோல் பங்க்) பம்புல டெபிட் கார்டைச் சொருகாதீங்க. கார்டு விவரத்தைக் களவா நகலெடுக்கிற ஸ்கிம்மர் கருவியை வைக்கிறதுக்குத் திருடனுங்களுக்குப் பிடிச்ச இடம் அது. கிரெடிட் ஹிஸ்டரி (இங்க கடன் வாங்கிக் கட்டின வரலாறு) இல்லை, கிரெடிட் கார்டு தர மாட்டேங்கிறாங்கன்னா, கொஞ்சம் டெபாசிட் கட்டி செக்யூர்டு கார்டு எடுங்க. திருடு போனாலும் போறது வங்கியோட காசு. வாடகைக்கு வச்சது அப்படியே இருக்கும்.

வங்கிக்கு போன் பண்ணும்போது பதட்டத்துல கதை முழுக்கச் சொல்ல வேண்டாம். "இந்தப் பரிவர்த்தனை நான் செஞ்சது இல்லை, என் அனுமதி இல்லாம நடந்தது" – இதுதான் முக்கியமான வாக்கியம். கேஸ் நம்பர் வாங்குங்க, பேசினவர் பேர், தேதி, நேரம் எழுதி வைங்க. அன்னைக்கே அதையே ஆப்ல செக்யூர் மெசேஜாவும் அனுப்பிடுங்க, ஏன்னா எழுத்துல கொடுங்கன்னு பின்னாடி கேக்கலாம். டெபிட் விஷயத்துல 10 வேலை நாள்ல விசாரிச்சு முடிக்கணும். முடியலைன்னா அந்தத் தொகையைத் தற்காலிகமா கணக்குல போட்டுட்டு பொதுவா 45 நாள் வரைக்கும், டெபிட் கார்டை வச்சுப் பொருள் வாங்கினதுன்னா 90 நாள் வரைக்கும் இழுக்கலாம். ஆனா கணக்கு திறந்து முதல் 30 நாளுக்குள்ள நடந்ததுன்னா 10 நாள் 20 ஆகும், 45 நாள் 90 ஆகும். புதுசா வந்தவங்களுக்கு இது பெரிய அடி, அந்த 20 நாளுக்குள்ள வாடகைத் தேதி வந்துடும். முதல் மாசத்துலயே வேற ஒரு வங்கியில ரெண்டாவது கணக்கு திறந்து, ஒரு மாச வாடகையை அங்க போட்டு வைங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். போலீஸ் ரிப்போர்ட் கொண்டு வந்தாத்தான் விசாரணையே ஆரம்பிப்போம்னு கிளையில யாராவது சொன்னா தலையாட்டிட்டு வந்துடாதீங்க. டெபிட் கணக்கு விஷயத்துல அப்படி நிபந்தனை போட முடியாது. மின்னணுப் பணப் பரிமாற்றத்துக்கான சட்ட விதி ரெகுலேஷன் ஈ, அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்க, பேச்சே மாறும்.

ஸெல் (Zelle) பத்தித் தனியாச் சொல்லணும், வங்கிக் கணக்குல இருந்து இன்னொருத்தர் கணக்குக்கு உடனே காசு அனுப்புற சேவை அது. ஸெல்ல நீங்களே அனுப்பின காசுக்கு, ஏமாந்து அனுப்பியிருந்தாலும், இந்தச் சட்டம் பொதுவா துணைக்கு வராது. மோசடிக்காரன் உங்க போனுக்கு வர்ற ரகசிய எண்ணை (கோடு) உங்ககிட்ட இருந்து பிடுங்கி, உங்க கணக்குக்குள்ள புகுந்து, அவனே அனுப்பியிருந்தா அது அனுமதியில்லாத பரிவர்த்தனைதான்னு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி 2021லயே விளக்கம் கொடுத்திருக்கு. "கோடை நீங்கதானே சொன்னீங்க"ன்னு வங்கி கையை விரிச்சா இந்த வித்தியாசத்தைப் பிடிச்சு வாதாடுங்க.

கோடைப் பிடுங்குற அந்த போன் கால் எப்படி இருக்கும்னும் பாத்துக்கங்க. போன்ல உங்க வங்கி பேரே வரும், நம்பர் கார்டுக்குப் பின்னாடி இருக்கிற அதே நம்பர். "வேற மாநிலத்துல ஒரு கடையில உங்க கார்டுல பெரிய தொகை போகுது, நீங்கதானா?" நீங்க பதறி இல்லைம்பீங்க. "சரி, நிறுத்துறேன், இப்ப ஒரு கோடு வரும், சொல்லுங்க." அந்தக் கோடு உங்க பாஸ்வேர்டை மாத்த அவன் கேட்டு வரவச்சது. காலர் ஐடியை எவன் வேணாலும் மாத்தலாம். வச்சுட்டு, கார்டைத் திருப்பிப் பார்த்து நீங்களா அந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ல இருந்து பேசுறோம், விசாவுல தப்பு இருக்கு, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் சொல்லுன்னு மிரட்டுறதும் இதே ஜாதிதான். ஊர்ல டிஜிட்டல் அரெஸ்ட்னு நடக்குதே, அதோட சித்தப்பா மகன்.

நம்ம வாட்ஸப் குரூப்கள்ல இன்னொண்ணு ஓடுது: "ஊர்ல என் அக்கவுன்ட்ல ரூபாய் போடுங்க, இங்க ஸெல்ல டாலர் தரேன், பேங்க் ரேட்டை விட நல்ல ரேட்." வர்ற டாலர் யாரோ ஒருத்தரோட ஹேக் ஆன கணக்குல இருந்து வந்ததா இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும் காசு திரும்பிப் போகும், உங்க கணக்கை முடக்குவாங்க. ரூபாய் போனது போனதுதான். தெரிஞ்சவரோட தெரிஞ்சவர்ங்கிறதெல்லாம் ஒரு உத்தரவாதமா? தொடவே தொடாதீங்க.

அடுத்து சோஷியல் நம்பர், அதாவது வேலை, வரி, கடன் எல்லாத்துலயும் உங்களை அடையாளம் காட்டுற சோஷியல் செக்யூரிட்டி எண். 2017ல, எல்லாரோட கடன் வரலாறையும் வச்சிருக்கிற நிறுவனங்கள்ல ஒண்ணான எக்விஃபாக்ஸ்ல இருந்து மட்டும் கிட்டத்தட்ட 14.7 கோடி பேரோட விவரம் வெளிய போச்சு. நம்பரை ரகசியமா வச்சுக்கிறதோட நின்னுடாம, அது வெளிய போனாலும் உபயோகப்படாதபடி பண்றதுதான் புத்திசாலித்தனம். அதுக்குத்தான் கிரெடிட் ஃப்ரீஸ், அதாவது புதுக் கடன் கொடுக்க வர்றவங்க உங்க கடன் வரலாறைப் பார்க்க முடியாதபடி பூட்டுறது. எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூணுலயும் தனித்தனியாப் போடணும். 2018 செப்டம்பர்ல இருந்து நாடு முழுக்க இலவசம். போட்டுட்டா உங்க பேர்ல புதுக் கடன் வாங்குறது ரொம்பக் கஷ்டம், உங்க கிரெடிட் ஸ்கோருக்கும் ஒண்ணும் ஆகாது. வீடு பார்க்கும்போதோ கார் லோனுக்கோ, இந்த மூணுல எந்த நிறுவனத்துல பார்ப்பீங்கன்னு அவங்ககிட்டயே கேட்டுட்டு அதை மட்டும் நாலு நாளைக்குத் திறந்து விடுங்க. ஆன்லைன்லயோ போன்லயோ கேட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள அவங்க ஃப்ரீஸை எடுத்தாகணும். சில தளத்துல "லாக்"னு ஒண்ணை மாசக் கட்டணத்துக்குக் காட்டலாம், அது தேவையில்லை. அமெரிக்கா வந்த உடனே உங்களுக்குன்னு கிரெடிட் ஃபைலே இருக்காது, ஃப்ரீஸை ஆன்லைன்ல போட விடாது. முதல் கார்டு வாங்கி சில மாசம் கழிச்சு முயற்சி பண்ணுங்க, இல்லைன்னா தபால்ல அனுப்பலாம்.

ஏற்கெனவே யாரோ உங்க பேர்ல கணக்கு திறந்துட்டாங்கன்னா, ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் போங்க. அரசு வர்த்தக ஆணையமான எஃப்டிசி நடத்துற தளம். கேள்விக்கெல்லாம் பதில் கொடுத்தா ஒரு ரிப்போர்ட் தரும். அதோட அடையாளச் சான்றையும் சேர்த்து அந்த மூணு நிறுவனத்துக்கும் அனுப்பினா, திருட்டுக் கணக்கை 4 வேலை நாளுக்குள்ள உங்க ரிப்போர்ட்ல மறைச்சாகணும். "என்னோடது இல்லை"ன்னு சாதாரண டிஸ்ப்யூட் போடுறதை விட இது பல மடங்கு வேகம்.

உங்க பேர்ல வேற யாரோ டாக்ஸ் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டை அடிக்கிற திருட்டைத் தடுக்க, வரித் துறையான ஐஆர்எஸ் தளத்துல ஐபி பின்னு ஒரு அடையாளப் பாதுகாப்பு எண் எடுத்துடுங்க. ஆறு இலக்கம், வருஷா வருஷம் மாறும், அது இல்லாம உங்க நம்பர்ல வேற யாரும் இ-ஃபைல் பண்ண முடியாது. ஜனவரியிலயே எடுத்து வச்சுட்டா நல்லது.

ஊருக்கே திரும்பிப் போறவங்க: ஃப்ரீஸை அப்படியே விட்டுட்டுப் போங்க. இங்கத்து போன் நம்பரை அவசரப்பட்டு கேன்சல் பண்ணாதீங்க. கொஞ்ச காலத்துல அந்த நம்பரை வேற யாருக்கோ கொடுத்துடுவாங்க, உங்க வங்கிக் கோடெல்லாம் அவருக்குப் போகும். குறைஞ்ச கட்டண பிளானுக்கு மாத்தி வச்சுக்கங்க. கடைசிக் கணக்கை மூடி, டாக்ஸ் ரீஃபண்டும் வந்து சேர்ந்த பிறகு நம்பரை விடலாம்.