அலுவலக மென்பொருளுக்கு வி.பி.எஸ்.: ஓப்பன்விஇசட்டா, கே.வி.எம்.மா?

பின்னலாடை எழுதியது:

வணக்கம். திருப்பூரில் உள்ள எங்கள் நிறுவனத்தில் ஆர்டர், நூல் இருப்பு, ஜாப் ஒர்க் கணக்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள், அலுவலகத்திலேயே இருக்கும் பழைய சர்வர் ஒன்றில் ஓடுகிறது. அது எழுதப்பட்ட மொழியான பிஎச்பியும், தரவுத்தளமான போஸ்ட்கிரஸும் அதே இயந்திரத்தில்தான் உள்ளன. ஒரே நேரத்தில் 40 பேர் வரை பயன்படுத்துவார்கள். இதை வி.பி.எஸ். (ஒரு பெரிய சர்வரில் நமக்கென வாடகைக்குத் தரப்படும் பங்கு) ஒன்றுக்கு மாற்ற முடிவு செய்திருக்கிறோம். 4 கோர், 8 ஜிபி ராம் என்று இரண்டு நிறுவனங்களின் விலைப்பட்டியல் கையில் இருக்கிறது. ஒரே சர்வரைப் பலருக்குப் பிரித்துத் தரும் முறை ஒன்றில் ஓப்பன்விஇசட், மற்றதில் கே.வி.எம். முன்னதன் விலை ஏறக்குறைய பாதிதான். அளவு ஒன்றாக இருக்கும்போது விலையில் இத்தனை வேறுபாடு ஏன் வருகிறது? மேலும், பெரிய வி.பி.எஸ். ஒன்றை வாங்கி அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரு சர்வரைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பிரித்து ஆளும் மென்பொருள்) நிறுவி, வெப், டேட்டாபேஸ், சோதனை என மூன்றாகப் பிரித்துக்கொள்வது சரியான திட்டமாகுமா?

கர்னல்வாசி எழுதியது:

பட்டியலில் அளவு ஒன்றாக இருந்தாலும் கைக்கு வருவது ஒன்றல்ல. ஓப்பன்விஇசட் என்பது கன்டெய்னர் முறை. ஒரே அடுப்பில் பல குடித்தனங்கள் சமைப்பதுபோல, அந்த இயந்திரத்தில் உள்ள எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, பகிர்ந்துகொள்கிறார்கள். அங்கே 8 ஜிபி என்பது நீங்கள் தாண்டக் கூடாத உச்சவரம்பு மட்டுமே. அவ்வளவும் உங்களுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருளில்லை. ஆகவே இயந்திரத்தில் இருப்பதைவிட அதிகமான ராமை விற்பது அம்முறையில் எளிது. கே.வி.எம். 2007இல் வெளிவந்த 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸ் கர்னலின் பகுதியாகவே இருந்துவருகிறது. அதில் ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரமும் தனக்கென ஒரு கர்னலை இயக்குகிறது. அங்கும் மிகையாக விற்க வழியுண்டு என்றாலும், அது அத்தனை எளிதல்ல.

ஓப்பன்விஇசட் தருபவரிடம் கர்னல் பதிப்பு என்ன என்று மட்டும் கேளுங்கள். 2.6.32 என்று தொடங்கினால் அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிடலாம். அது ரெட்ஹாட் 6ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய தலைமுறை. அந்த ரெட்ஹாட் பதிப்பின் வழக்கமான பராமரிப்பு 2020 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. மென்பொருள்களைக் கன்டெய்னர்களாக ஓட்டும் டாக்கரின் இன்றைய பதிப்புகளும் அதில் ஓடாது.

கே.வி.எம். எடுத்தாலும் ஆண்டுச் சந்தா கட்டாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, வேலை நேரத்தில், சர்வரின் சுமையைக் காட்டும் 'டாப்' கட்டளையில் 'எஸ்டி' என்ற எண்ணைக் கவனியுங்கள். உங்கள் கோர் வேலைக்குத் தயாராக இருந்தும், அடியிலுள்ள இயந்திரம் அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட விகிதம் அது. எப்போதாவது ஒன்றிரண்டு சதவீதம் வந்தால் பரவாயில்லை. மணிக்கணக்கில் பத்தைத் தொட்டு நின்றால் அந்த இயந்திரத்தில் கூட்டம் அதிகம் என்று பொருள்.

டிஸ்க் விஷயத்தில் விளம்பரம் சொல்லும் 'நொடிக்கு இத்தனை எம்பி' என்ற வேகம் உங்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது. போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு கமிட்டின்போதும் (ஒரு மாற்றத்தை இறுதியாக்கும்போதும்) தரவு டிஸ்க்கில் உறுதியாகப் பதிந்துவிட்டதா என்று காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு எவ்வளவு சிறியது என்பதே முக்கியம். போஸ்ட்கிரஸுடன் வரும் 'பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க்' கருவி அதை ஓரிரு நிமிடங்களில் அளந்து காட்டிவிடும்.

வேப்பமரம் எழுதியது:

ப்ராக்ஸ்மாக்ஸ் பற்றிய கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. வி.பி.எஸ்.ஸுக்குள் இன்னொரு கே.வி.எம். ஓட வேண்டுமானால், செயலியின் மெய்நிகராக்க வசதியை நிறுவனம் உள்ளே வரை திறந்துவிட்டிருக்க வேண்டும். செயலியின் விவரங்கள் உள்ள 'சிபியுஇன்ஃபோ' கோப்பில் இன்டெல் என்றால் 'விஎம்எக்ஸ்', ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம்' என்ற குறி இல்லையேல் அது நடக்காது. திறந்திருந்தாலும் பல நிறுவனங்கள் ஒரு வி.பி.எஸ்.ஸுக்கு ஒரே மேக் முகவரியைத்தான் (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணைத்தான்) அனுமதிக்கும் என்பதால், உள்ளே இருக்கும் இயந்திரங்களை வெளி நெட்வொர்க்கில் நேரடியாகப் பிரிட்ஜ் செய்ய (இணைக்க) முடியாமல் எல்லாவற்றையும் நாட் (ஒரே முகவரியைப் பல இயந்திரங்கள் பகிரும் முறை) வழியாகத் திருப்பிவிட வேண்டியிருக்கும். இவ்வளவு செய்த பிறகும், அடியிலுள்ள அந்த ஒரு வி.பி.எஸ். விழுந்தால் மூன்றும் சேர்ந்தே விழும்.

40 பேருக்கு வெப்பையும் டேட்டாபேஸையும் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டையும் ஒரே வி.பி.எஸ்.ஸில் வைத்து, சோதனைக்குத் தனியாக 2 ஜிபியில் சிறியதொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே பிரித்து ஆள விரும்பினால் அதற்குரிய இடம் வாடகைக்கு எடுக்கும் தனிச் சர்வர். அங்கே கோர்களை உள்ளதைவிடக் கூடுதலாகப் பங்கிடலாம், ஏனெனில் எல்லா இயந்திரங்களும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்பது அரிது. ராமை மட்டும் ஒருபோதும் அப்படிப் பங்கிடாதீர்கள். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்துவதாக இருந்தால், அது ராமில் வைத்துக்கொள்ளும் கேஷுக்கு (தற்காலிகச் சேமிப்புக்கு) வரம்பு வையுங்கள். பல பதிப்புகளில் அது ராமின் பாதி வரை எடுத்துக்கொள்ளும்.

சர்வர் இருக்கும் இடத்தையும் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கி.மீ. என்பதால் போய்வர 29 மில்லிநொடிக்குக் குறைய வாய்ப்பே இல்லை. ஐரோப்பா என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மும்பை அல்லது சென்னையில் கிடைத்தால் அதையே எடுங்கள்.

நிறுவனம் தரும் ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்து டிஸ்க்கின் நகலை) பேக்கப் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் அது அதே கணக்கில், அதே வளாகத்தில்தான் கிடக்கும். தினமும் எடுக்கும் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) வேறொரு நிறுவனத்தின் இடத்துக்குப் போக வேண்டும். அதைச் சோதனை வி.பி.எஸ்.ஸில் வாரந்தோறும் மீட்டெடுத்துப் பார்த்தால், அந்தச் சிறிய வாடகைக்கு இரட்டைப் பயன் கிடைக்கும்.

பின்னலாடை எழுதியது:

இருவருக்கும் நன்றி. கேட்டுப் பார்த்தேன், கர்னல் 2.6.32தான். கே.வி.எம்.மை ஒரு மாதத்துக்கு எடுக்கிறோம். 8 ஜிபியில் போஸ்ட்கிரஸுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கர்னல்வாசி எழுதியது:

போஸ்ட்கிரஸ் தனக்கென வைத்துக்கொள்ளும் நினைவகமான 'ஷேர்டு பஃபர்ஸ்' அளவை ராமில் கால் பங்காக, அதாவது 2 ஜிபியாக வைத்துத் தொடங்குங்கள். மீதியில் பிஎச்பி போக எஞ்சுவதை லினக்ஸே கோப்புக் கேஷாகப் பயன்படுத்திக்கொள்ளும். அதிகம் கவனிக்க வேண்டியது 'ஒர்க் மெம்'. அது மொத்த சர்வருக்கான அளவு அல்ல. ஒரு வினவலில் உள்ள ஒவ்வொரு வரிசைப்படுத்தலும் தனித்தனியே அவ்வளவு எடுக்கலாம். 40 இணைப்புகள் என்றால் 16 எம்பிக்கு மேல் இப்போதைக்குப் போக வேண்டாம். மாதக் கடைசிக் கணக்கு அறிக்கை ஓடும்போது 'ஃப்ரீ' கட்டளையில் 'அவைலபிள்' (இன்னும் பயன்படுத்தக் கிடைக்கும் ராம்) எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு உயர்த்திக்கொள்ளலாம்.