டீ ஃபேக்டரியில் எங்கே வீணாகிறது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கோத்தகிரி, டீ மேக்கர் (ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிப்பவர்)

ஒரு கிலோ தூளுக்குச் சுமார் 4.5 கிலோ பச்சை இலை வேண்டும். இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். தூளில் அது 3 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். அதனால் விறகுச் செலவு ஏறினால் எல்லோரும் டிரையரைத்தான் குறை சொல்வார்கள். எங்கள் முதலாளியும் புது டிரையருக்கு விலை கேட்டுவிட்டார்.

நான் முதலில் விறகைப் பார்த்தேன். வெட்டிய கற்பூர மரம் (யூகலிப்டஸ்) மழையில் நனைந்தபடி கிடந்தது. ஈர விறகு எரியும்போது சூட்டில் ஒரு பகுதி அதன் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். தகரக் கொட்டகை போட்டு, பிளந்து, காற்றுப் போகும்படி அடுக்கினோம். முதலில் வந்த விறகு முதலில் அடுப்புக்கு.

அப்புறம் வாட்டும் இடம், அதாவது பச்சை இலையை அரைப்பதற்கு முன் வாடவிடும் இடம். அங்கே பல வருடமாக வேலை செய்யும் அக்கா ஒருவர் டிரஃபில் (இலையைப் பரப்பிக் காற்று ஊதும் நீளத் தொட்டி) கையை விட்டு, "இங்க காஞ்சிருக்கு சார், அந்த மூலையில சொதசொதன்னு இருக்கு" என்றார். இலையைக் கட்டியாகக் கொட்டியிருந்தார்கள். மெல்லியதாக இருந்த பக்கமே காற்று ஓடிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாடிய இலையில் ஈரம் 70க்குப் பதில் 75 சதவீதம் இருந்தால், ஒரு கிலோ தூளுக்கு 600 கிராமுக்கு மேல் கூடுதல் தண்ணீரை டிரையர் விரட்ட வேண்டும். இப்போது இலையை உதறி ஒரே மட்டமாகப் பரப்புகிறோம். எங்கே கிளற வேண்டும் என்று அந்த அக்கா சொல்வதுதான் முடிவு. விறகு கண்கூடாகக் குறைந்தது, டிரையர் பழையதேதான்.

மஞ்சூர், சிறு விவசாயி

அண்ணா, எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. சாக்கில் இலையை மிதித்து அடைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். ஃபேக்டரியில் எடையைக் கழிப்பார்கள், எங்களுக்கு நஷ்டம். இப்போது தளர்வாக நிரப்பி நிழலில் வைக்கிறோம். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் வண்டி மத்தியானமும் ஒரு நடை வருகிறது. அந்த ஒரு நடையை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

குன்னூர், மெயின்டனன்ஸ்

டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்ன 7 விரயங்களில் காத்திருப்பும் ஒன்று. மஞ்சூர்க்காரரின் இலை வண்டிக்காகக் காத்துக் கிடந்ததும் அதுதான்.

எங்களிடம் சல்லடை மெஷினுக்குக் கீழே தினமும் தூள் சிந்தும். தரையில் விழுந்ததைத் தேயிலையாக விற்கக் கூடாது, கழிவுக் கணக்கில்தான் போகும். கழிவுத் தேயிலைக்கென்று 1959லேயே கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. பார்த்தால், தூள் இறங்கும் கான்வாஸ் குழாய் தையல் விட்டிருந்தது. தைத்த பிறகு கூட்டி அள்ள அதிகம் இல்லை. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. ரோலரின் பல் மழுங்கும் வரை காத்திருக்காமல், ஓடிய மணி நேரத்தைக் குறித்துவைத்துச் சாணை பிடிக்கவும் ஆரம்பித்திருக்கிறோம்.

டிரையரிலிருந்து வெளியே போகும் சூட்டை வாட்டும் டிரஃபுக்குத் திருப்பியவர்கள் இருந்தால் எழுதுங்கள். ஜூலை மாத ஈரக்காற்றில் அது எந்த அளவுக்கு உதவுகிறது என்று தெரிய வேண்டும்.